பதினொரு பை பஞ்சும் இருபத்துமூன்று கம்பளியும்

ஊவா மாகாணத்திலேயே எதிரொலி இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில் கந்தப்பனும் இராக்கம்மாவும் படுத்துறங்கும் அறை. அங்கே கைதட்டினால் சத்தம் சுவர் வரைக்கும் போகாது. உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொள்ளும், தட்டியவர் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். மாகாணம் முழுவதையும் யாரும் போய்ச் சோதித்துப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சேலையில் துடைத்ததும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் அந்த நாட்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இராக்கம்மா புருஷனை ஏசியதில் ஒரு சொல்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. இது கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. பக்கத்து வீட்டு துஷாந்தினிக்கு அதில் மெத்த வருத்தம்.

இராக்கம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. பதினேழு வயதில் கூடை மாட்டியவள். கொழுந்து பறிப்பதில் தோட்டத்தில் அவளுக்கு மூன்றாம் இடமோ நான்காம் இடமோ. பாடுவதில் முதலாம் இடம். வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் அவள் குரல் எழும்பினால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். பாட்டும் அவளே கட்டுவாள். எழுதிவைக்கும் பழக்கம் கிடையாது. நிரையில் நின்று பறிக்கும்போதே வரி வந்துவிடும். நிறுவைக்குப் போகுமுன் மெட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வருடா வருடம் சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், கோயில் கூரையில் நாலு பக்கமும் பார்த்தபடி நாலு குழாய் ஸ்பீக்கர் ஏறும். அதிலிருந்து வரும் பாட்டு பள்ளத்தில் இறங்கி, எதிர்மலையில் ஏறி, கொழுந்து பறிக்கிறவர்கள் காதுக்கு வந்து சேரும். முப்பது வருடமாக இராக்கம்மா கேட்டது ஒரே அம்மாளின் குரலைத்தான். யாரென்று தெரியாது. பழைய கசெட்டிலிருந்து யாரோ மாற்றி எடுத்தது. மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் அந்த அம்மாளுக்கு மூச்சு முட்டும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் இராக்கம்மா கையிலிருந்த கொழுந்தோடு நின்று, இந்த முறையாவது தாண்டிவிடுவாளா என்று பார்ப்பாள். தாண்டியதேயில்லை. அந்தக் குழாயில் ஒருநாள் தன் குரல் வரவேண்டும், அதை மலையில் நின்று தான் கேட்கவேண்டும் என்பதுதான் ஆசை.

இந்த வருடம் திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அவள் கோயில் தலைவரிடம் வாய்விட்டுக் கேட்டாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. பாட்டைப் பதிந்து கொண்டுபோய் முன்ஸிப்பிடம் கொடு, குழாயில் போடுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னால் முதல் பாட்டாகவே போடலாம் என்றார். முன்ஸிப் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவர். கோயில், பள்ளிவாசல், பௌத்த பன்சலை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான் போகும். எந்தக் குழாயில் எது எடுபடும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் கடைத்தெருவில் வேறு ஆளுக்குத் தெரியாது.

கந்தப்பன் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறவர். கல்யாணமான மகள் விட்டுப்போன கீபோர்ட் ஒன்றை மூன்று வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பாட்டைப் பதிய வேண்டும் என்றதும் சம்பளத்தில் பிடித்து ஒரு மைக் வாங்கினார், தெரிந்த பையனிடம் பழைய லெப்டொப் ஒன்றை இரவல் எடுத்தார், கட்டிலைச் சுவரோடு நெருக்கித் தள்ளினார். படுக்கையறை ஸ்டூடியோ ஆனது. இராக்கம்மா குளித்து, விபூதி பூசி, கட்டிலின் காலடியில் நின்று பாடினாள்.

பனி விலகும் முன்னால பாதை தொறந்தவளே,
கூடைக்குள்ள குந்திக்கிட்டு கூட வந்தவளே.

பதிந்ததை முன்ஸிப் காதில் மாட்டிக் கேட்டார். பாதியில் கழற்றி வைத்தார். குரலுக்கு ஒரு குறையும் சொல்லவில்லை.

“அக்கா, இத எங்க நிண்டு பாடின? தண்ணி டாங்கிக்குள்ளயா?”

பிறகு பொறுமையாக விளக்கினார். வெறும் சீமெந்துச் சுவர் பாடிய குரலைத் திருப்பி அனுப்பும். கூரைத் தகரம் தன் பங்குக்கு அனுப்பும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வந்து மைக்கில் விழும். வீட்டுக்குள் கேட்டால் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் குழாயில் போட்டால் எதிர்மலையும் ஒருமுறை திருப்பிச் சொல்லும் அல்லவா? மலை திருப்பிச் சொல்வதற்கு முன்னாலேயே வீடும் திருப்பிச் சொல்லியிருந்தால் மூன்று இராக்கம்மா சண்டை பிடிப்பது போலத்தான் இருக்கும். ஒரு சொல்லும் விளங்காது. அறையை முதலில் வாயை மூடச் சொல்லுங்கள், பிறகு அக்கா பாடட்டும் என்று அனுப்பிவைத்தார்.

அறையின் வாயை மூடும் பொறுப்பைக் கந்தப்பன் எடுத்துக்கொண்டார். போனில் பார்த்தார். போனில் எல்லாரும் முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். லுணுகலை வரைக்கும் போய்க் கடை கடையாகக் கெஞ்சி நூற்றறுபது அட்டை கொண்டுவந்து, கோதுமை மாவைப் பசையாகக் காய்ச்சி, நாலு சுவரிலும் ஒட்டினார். மாவின் வாசத்துக்குக் கரப்பான் வந்தது. கரப்பானுக்குப் பல்லி வந்தது. பல்லிக்கு அந்த இடம் பிடித்துப்போய், முட்டைக்கென்றே செய்த குழிகளில் முட்டையும் இட்டது. சத்தம் மட்டும் போனபாடில்லை. கீச்சென்று வந்த எதிரொலி கொஞ்சம் அடங்கியது. கும்மென்று வருவது அப்படியே நின்றது. முன்ஸிப் கேட்டுவிட்டு, டாங்கியிலிருந்து அண்டாவுக்கு வந்திருக்கிறீர்கள், முன்னேற்றம்தான் என்றார். மெல்லிய அட்டைக்குச் சத்தத்தை விழுங்கும் சக்தி கிடையாது, தடிப்பாக, நாராக, உள்ளே காற்றுப் பிடிக்கிற சாமான் வேண்டும் என்றும் சொன்னார்.

தடிப்பு, நார், காற்று. இந்த மூன்று சொல்லையும் மென்றுகொண்டே கந்தப்பன் மறுநாள் வேலைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமான இடத்தில் சாய்ந்தார். சலிக்கும் பகுதியில் இருக்கிற இரைச்சலில் ஆளுக்கு ஆள் சைகையில்தான் பேசுவார்கள். ஆனால் ஒரு மூலையில் மட்டும் தொட்டிலில் கிடப்பது போல அமைதி. பதினாறு வருடமாக அங்கேதான் அவர் பத்து நிமிடம் கண்ணயர்வது. அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். தேயிலை சலிக்கும்போது பறந்து சேரும் பொன்னிறப் பஞ்சு. அதைத் திணித்த சாக்குகள் அங்கே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

பஞ்சு கழிவுதானே, எப்படியும் கழித்துப்போடுகிற சாமான்தானே என்று நினைத்தார். தேயிலைக் கழிவை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். கந்தப்பனுக்கும் தெரியும். ஆனால் கழிவை வைத்துத் தூள் தயாரிக்கிறவனுக்குத்தான் அந்தச் சட்டம், சுவரில் தொங்கவிடுகிறவனுக்கு எப்படிப் பொருந்தும் என்று தனக்குள்ளேயே வழக்கு நடத்தித் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். ஒன்பது நாள் சாப்பாட்டுப் பை போகும்போது மெலிந்தும் வரும்போது கொழுத்தும் இருந்தது. இராக்கம்மா பழைய சேலைகளைக் கிழித்துப் பதினொரு பை தைத்தாள். பஞ்சைத் திணித்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். நாலு விரல் இடைவெளி விட்டால் சத்தம் உள்ளே ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை அகப்படும் என்பதைக் கந்தப்பன் போனில் படித்திருந்தார்.

கதவைச் சாத்திக் கைதட்டிப் பார்த்தார். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் தொடக்கத்தில் சொன்னது.

இராக்கம்மா மைக்குக்கு முன்னால் நின்றாள். தன் குரல் தன்னைவிட்டு எங்கும் போகாமல் பக்கத்திலேயே நிற்பது போல அவளுக்கு இருந்தது. முதல் வரி தேனாக இறங்கியது. இரண்டாவது வரியில் ‘கூட வந்த’ வரைக்கும் போய், மூக்கைச் சுருக்கி, கண்ணை மூடி, வீடே அதிரத் தும்மினாள். பஞ்சுத் தூசு. சேலைத் துணியின் இழைக்குள்ளால் கசிந்துகொண்டிருந்தது.

நாலு நாள் முயன்றார்கள். மூக்கில் ஈரத்துணி கட்டிப் பாடினாள். அம்மனுக்குத் தடிமன் பிடித்தது போல இருந்தது. கொத்தமல்லி குடித்துவிட்டுப் பாடினாள். தும்மல் இன்னும் சுகமாக வந்தது. பதினேழு தும்மலுக்குப் பிறகு, இருக்கிறதில் நல்லதை எடுத்துக்கொண்டு பதுளைக்கு இறங்கினார்கள். முன்ஸிப் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுக் காதிலிருந்ததைப் பிடுங்கினார். குரல் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது, இதைத்தான் கேட்டேன் என்றார்.

“ஆனா அக்கா, என்ட இருவது வருஷத் தொழில்ல இவ்வளவு சுத்தமா ஒரு தும்மல நான் கேட்டதே இல்ல. இத எடுத்துத் தாங்க, பாட்டப் போடுவம்.”

தும்மலை எடுப்பதற்குள் மழை வந்துவிட்டது. சித்திரை மழை பின்னேரத்தில் கொட்டியது. ஈரத்தை எங்கே கண்டாலும் உறிஞ்சிக்கொள்வது தேயிலையின் குணம், பஞ்சும் அந்த வம்சம்தானே. பதினொரு பையும் ஊதி, கனத்து, வாசம் விடத் தொடங்கின. முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு லயத்து வீட்டு வரிசையின் முனை வரைக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம், என்ன இராக்கம்மா, தேத்தண்ணியா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த வாரம் மட்டும் ஒரு பொதி சீனி தீர்ந்தது. வாசம் நடந்து நடந்து ஸ்டோருக்கும் போய்ச் சேர்ந்தது. கந்தப்பன் வீட்டில் கள்ளத் தூள் போடுகிறார்களாம் என்று யாரோ சொல்லியும் விட்டார்கள்.

டீமேக்கர் ஐயா, அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், காவல்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்தார். இராக்கம்மாவுக்கு அந்த நேரத்தில் புருஷன் வேலை போய்விடுமே என்ற பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. திருவிழாவுக்கு எட்டு நாள்தானே இருக்கிறது என்பது முதலாவதாக வந்தது. அதற்காக அவள் பிறகு வெட்கப்பட்டாள், ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஐயா அறைக்குள் போனார். பூப்போட்ட சேலைப் பைகள் பதினொன்று சுவரில் படம் மாட்டியது போலத் தொங்கின. அடுப்பு இல்லை, சல்லடை இல்லை, தராசு இல்லை. நடுவில் ஒரு மைக் மட்டும் நின்றது.

“இது என்னா கந்தப்பன்?”

“சத்தத்த அடக்குறதுக்குங்க ஐயா. வீட்டுல பாட்டுப் பதியுறோம்ங்க.”

ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான் என்று பட்டிருக்க வேண்டும். கையைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொருமுறை பலமாகத் தட்டினார். பிறகு காவல்காரரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டோரில் ஆட்களைக் கூப்பிடுவது போல முழுக் குரலில் ஒரு கத்துக் கத்தினார். திறந்து, கேட்டதா என்றார். காவல்காரர், எப்பங்க ஐயா கூப்பிட்டீங்க என்று கேட்டார். இயந்திர இரைச்சலுக்கு நடுவில் இருபத்திரண்டு வருடமாக மேசை போட்டிருக்கும் மனிதர் அவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தனக்கும் இப்படி ஓர் அறை இருந்தால் என்று யோசித்திருப்பார் போல.

பதிந்ததைப் போடச் சொன்னார். கேட்டார். தும்மலில் அவரும் திடுக்கிட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தாலும் சட்டம் சட்டம்தான். இன்றைக்கு இருட்டுமுன் பஞ்சு ஒரு பிடி குறையாமல் ஸ்டோருக்குத் திரும்ப வரவேண்டும், மறைத்து அல்ல, எல்லாரும் பார்க்கத் தலையில் சுமந்து வரவேண்டும், அதோடு இந்த விஷயம் முடிந்தது என்றார். வாசலைத் தாண்டும்போது திரும்பி, குரல் நல்லா இருக்கும்மா என்று இராக்கம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கந்தப்பன் பூப்போட்ட பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெரட்டுக்களத்தின் நடுவால், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அதே இடத்தின் நடுவால், ஆறு நடை நடந்தார். மனைவியின் சேலையில் கட்டிய மூட்டையோடு ஒரு மனிதன் இருட்டும் நேரத்தில் ஆறுமுறை போய்வந்தால் என்னென்ன கேட்பார்களோ அத்தனையும் கேட்டார்கள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறது அவளா நீயா என்று ஒருவர் கேட்டார்.

அறை பழையபடி அண்டா ஆனது. இராக்கம்மா இரண்டு நாள் பாடவேயில்லை. மூன்றாம் நாள் நாலாம் நம்பர் மலையில் பறித்துக்கொண்டிருக்கும்போது தூறல் விழுந்தது. எல்லாரும் கம்பளியைத் தலையில் போட்டார்கள். இப்போது பிளாஸ்டிக் உறைகள் வந்துவிட்டாலும் குளிருக்கு அந்தக் கனத்த கறுப்புக் கம்பளிக்கு ஈடு இல்லையென்று கீழ்ப்பிரிவுப் பெண்கள் இன்னும் விட்டுவிடவில்லை. இராக்கம்மாவும் இழுத்துப் போர்த்திக்கொண்டு பறித்தாள். துஷாந்தினி வந்து தோளைத் தட்டினாள்.

“என்னக்கா, கங்காணி நாலு தரம் கூப்புட்டாச்சி. காது கேக்கலியா?”

உண்மையிலேயே கேட்கவில்லை. கம்பளிக்குள் இருக்கும்போது கங்காணி கூப்பிடுவது கேட்காது என்பது முப்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த சுகம்; மழை நாளில் கேளாதது போல நடிக்கவே தேவையில்லை. இராக்கம்மா அப்படியே நின்றாள். தடிப்பு. நார். காற்று. தும்மல் கிடையாது. புருஷன் தூங்கும் இடத்தில் தேடிய சாமானை அவள் முப்பது வருடமாகத் தலையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அன்று பின்னேரமே நிறுவை முடிந்ததும் வாய்விட்டுக் கேட்டாள். எதற்கு என்று கேட்காதவர் இல்லை. சொன்னதும் சிரிக்காதவரும் இல்லை. ஆனாலும் இருபத்துமூன்று கம்பளி வந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் சொந்தக்காரியின் அடையாளமாக ஒரு நூல் முடிச்சு. ஒரு நிபந்தனை: மழை வந்தால் அவரவர் கம்பளி அவரவருக்கு. கந்தப்பன் இதில் தலையைப் பிய்த்துக்கொள்ளப் போனார்; இராக்கம்மாதான் விளங்கவைத்தாள். மழை பெய்தால் தகரத்தின் இரைச்சலில் பதியவே முடியாது, அப்போது கம்பளி போனால் என்ன? வெயில் அடித்தால் கம்பளி யாருக்கும் தேவைப்படாது, அப்போது நாங்கள் பதியலாம். கந்தப்பன் இதைப் போனில் எங்கும் படித்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. கம்பளிகளை இரண்டாக மடித்து, அதே கம்பியில், அதே நாலு விரல் இடைவெளியில் தொங்கவிட்டார்கள். மேலே தகரத்துக்குக் கீழேயும் நாலு கம்பளி. அறை முழுக்க இருபத்துமூன்று பெண்களின் விறகுப்புகை, தலையெண்ணெய், மழை வாசம். தேங்காய் திருவுகிறவர்கள் திருவவில்லை. துஷாந்தினி சேவலைக் கூடையால் மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இராக்கம்மா கைதட்டிப் பார்க்கவில்லை. நாலு பக்கமும் தன்னோடு நிரையில் நிற்கிறவர்கள் நிற்பது போலவே அவளுக்கு இருந்தது. பாடினாள். இரண்டாம் முறையிலேயே சரியாக வந்தது.

முன்ஸிப் முழுப் பாட்டையும் கேட்டார். பென்டிரைவை எடுத்துத் திருவிழாப் பாட்டுகளின் வரிசையில் முதலாவதாக அதை ஏற்றினார். பிறகுதான் கேட்டார்.

“அக்கா, இது எந்த ஸ்டூடியோ?”

கம்பளி என்று கந்தப்பன் சொன்னதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

காப்புக் கட்டியதற்கு மறுநாள் வேலை உண்டு. காலை ஏழு மணிக்கு நாற்பது பெண்கள் நாலாம் நம்பர் மலையில் நின்றார்கள். பள்ளத்தில் பனி கிடந்தது. குழாய் ஒருமுறை கரகரத்தது. பிறகு பனிக்கு மேலால் அந்த வரி எழும்பி வந்தது. எதிர்மலை அதை ஒரே ஒருமுறை, சொல் சிதையாமல், திருப்பிச் சொன்னது. நாற்பது பெண்களும் நட்டுவைத்த தடிகள் போல நின்றுவிட்டார்கள். நீட்டிய கை நீட்டியபடி. கங்காணி எழுதுகோலைக் கீழே விட்டார். காற்று நின்றது. தெமோதரையில் புறப்பட இருந்த ரயில்கூட, பாட்டு முடியட்டும் என்று ஐந்து நிமிடம்...

“ரயிலுக்கெல்லாம் கேக்கலங்க,” என்றாள் இவ்வளவும் வாசிக்கக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த துஷாந்தினி. “நாங்களும் யாரும் நிக்கல. பறிச்சிக்கிட்டேதான் கேட்டோம், பறிக்காம நின்னா நெறை கொறஞ்சிருமே. நின்னது அக்கா மட்டுந்தான். வெயில் அடிக்குது, கம்பளிய இழுத்து மொகத்த மூடிக்கிட்டு நிக்குறாங்க. என்னக்கான்னு கேட்டா, தும்மல் வருதுன்னு சொன்னாங்க. அன்னைக்கு அவங்க கூடையில ஒரு கொழுந்து விழல. நாங்கதான் ஆளுக்கு ரெண்டு பிடி அள்ளிப் போட்டோம்.”